சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், சாயங்காலம் பள்ளிக்கூட வாசலிலும், சில சமயம் பஸ்ஸிலும்கூட பெற்றோர் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் வட்டார வள மையப் பயிற்சியில் கேட்பதும் ஏறக்குறைய அவைதான். அவரவர் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி நடைமுறைப்படி.

1. ஒண்ணாங் கிளாஸ் புள்ளைக்குப் போயி என்ன டெஸ்ட்டு டீச்சர்? அது விளையாடுத வயசுல்லா?

விளையாடுகிற வயசுதான். அதனால் அந்த வயதில் மதிப்பீடும் விளையாட்டாகவே நடக்கும். பிள்ளை முன்னால் பத்துப் புளியங்கொட்டையை வைத்து, "இதுல ஆறு எடு" என்கிறோம். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறானா? வாய் ஆறு என்னும்போது கை ஏழாவது கொட்டையில் இருக்கிறதா? எடுத்து முடித்தபின் "எத்தனை?" என்று கேட்டால் உடனே சொல்கிறானா, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுகிறானா? இதை எல்லாம் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைக்குச் சோதனை நடந்ததே தெரியாது. அவனுக்கு நாளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மதிப்பீடு என்றால் நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான்: இந்தப் பிள்ளைக்கு அடுத்தது எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கண்டுபிடிப்பது. அதைக் காட்டாத மார்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு உதவாது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

2. வளரறி, தொகுத்தறின்னு என்னமோ சொல்லுதாவளே, அது என்னது? காப்பரிச்சை, அரைப்பரிச்சை எல்லாம் போயிட்டா?

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரியிலிருந்து மூன்றாம் பருவம். பருவத்துக்கு ஒரு புத்தகம் என்பதால் பை கனமும் குறைந்தது. நூறு மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. வளரறி என்பது பாடம் நடக்கும்போதே பிள்ளை செய்யும் செயல்பாடுகளையும் சின்னச் சின்னத் தேர்வுகளையும் வைத்துப் பார்ப்பது. தொகுத்தறி என்பது பருவ முடிவில் எழுதுவது. ஊரில் இன்னும் காப்பரிச்சை, அரைப்பரிச்சை என்று சொல்வது இந்தத் தொகுத்தறியைத்தான்.

பெற்றோர் பெரும்பாலும் அந்த 60-ஐ மட்டும்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 40-தான் முக்கியம். பருவம் முடிந்தபின் கிடைக்கும் மார்க்கை வைத்து அந்தப் பருவப் பாடத்தில் எதையும் திருத்த முடியாது. ஜூலையில் தெரிந்துகொண்டால் ஆகஸ்டில் சரிசெய்யலாம்.

3. அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சிருக்காவ. எம் மவ மூணாங் கிளாஸ், அவள அரும்புல வச்சிருக்காவ. பெயிலாக்கிட்டாவளா?

இல்லை. அவள் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள், அடுத்த வருடம் நான்காம் வகுப்புக்குப் போவாள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூன் 13-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு, அடுத்த வருடம் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது.

அரும்பு என்பது ஒன்றாம் வகுப்புக்குரிய நிலை, மொட்டு இரண்டாம் வகுப்புக்குரியது, மலர் மூன்றாம் வகுப்புக்குரியது. தொடக்கத்தில் ஓர் அடிப்படை மதிப்பீடு வைத்து, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து பாடம் ஆரம்பிக்கிறோம். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்தால் அது வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் நடக்கும்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஜூனில் அரும்பில் இருந்தவள் ஜனவரியிலும் அரும்பிலேயே இருந்தால், வந்து கேளுங்கள். எந்த இடத்தில் நிற்கிறாள், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று உரிமையோடு கேளுங்கள்.

4. எட்டு வரைக்கும் பெயிலே கிடையாதுன்னா பொறவு எதுக்குப் பரீச்சை?

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. அதே சட்டம்தான் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை எல்லோரும் நினைவு வைத்துக்கொண்டார்கள், இரண்டாவது பாதியை மறந்துவிட்டார்கள். நிறுத்த மாட்டோம் என்றால் கவனிக்க மாட்டோம் என்று அர்த்தமில்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். நம் மாநிலத்தில் 2019-20-ல் பொதுத்தேர்வு அறிவித்தார்கள், தேர்வு நடக்கும் முன்பே 2020 பிப்ரவரியில் ரத்தானது. இன்றைக்கும் எட்டு வரை தேர்ச்சிதான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று வயதான ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பெண்பிள்ளை என்றால் பீடித்தட்டு கைக்கு வரும், ஆண்பிள்ளை ஆடு மேய்க்கவோ கடைக்கோ போவான். அந்தக் காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை.

5. புஸ்தகத்த மளமளன்னு வாசிக்கான் டீச்சர். நீங்க வாசிப்பு வரலன்னு சொல்லுதிய. அது எப்படி?

கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். பாடத்தில் முதல் வார்த்தையைப் பார்த்தால் போதும், மீதி பாட்டு மாதிரி வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. அதே பக்கத்தில் நடுவில் ஒரு சொல்லை விரலால் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தான் என்றால் அது மனப்பாடம். பிறகு புத்தகத்தில் இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள்: படம், பாடம், பட்டம், பாட்டி. எழுத்தைப் பார்த்து வாசிக்கிற பிள்ளை இந்த நாலுக்கும் வித்தியாசம் காட்டும்.

தமிழில் எழுத்து 247 என்றாலும் பிள்ளை 247-ஐத் தனித்தனியாகக் கற்பதில்லை. உயிர் 12, மெய் 18, அப்புறம் காலும் கொக்கியும் கொம்பும். தடுக்குவது எங்கே என்றால், பெரும்பாலும் மூன்று இடம். ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு குழப்பம். கெ-வும் கே-வும், கொ-வும் கோ-வும் ஒன்றாகிவிடும். உகர, ஊகார வரிசை. கு, சு, து, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அதனால் நாள் எடுக்கும். மூன்றாவது ஒற்று, பட்டம் என்பதைப் படடம் என்று வாசிக்கும். "வாசிப்பு வரல" என்று மொத்தமாகச் சொல்வதைவிட இந்த மூன்றில் எது என்று சொன்னால் வீட்டிலும் உதவ முடியும். நான் மொத்தமாகச் சொல்லி அனுப்பியிருந்தால் திரும்ப வந்து கேளுங்கள்.

வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "யார் வந்தா?" என்பதற்கு வரியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். "அவ ஏன் அழுதா?" என்பதற்குக் கதை புரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்போதுதான் வாசிப்பு வந்துவிட்டது என்று நான் எழுதிக்கொள்வேன்.

6. நம்ம ஊர்ப் பிள்ளைங்க வாழைப்பழத்த வாளப்பளம்னு வாசிக்குது. அதைத் தப்புன்னு போடலாமா?

வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியை கேட்டது. போடக் கூடாது. திருநெல்வேலிப் பக்கம் மழை மளைதான், கிழவி கெளவிதான். பிள்ளை எழுத்தை அடையாளம் கண்டு, தன் வீட்டு வாயால் அதைச் சொல்கிறது. வாசிப்பு சரி. உச்சரிப்பைத் தனியாக, பாட்டும் விளையாட்டுமாகப் பழக்கலாம், அது வேறு வேலை. சொல்வதெழுதுதலில் "வாளை" என்று எழுதினால் அது எழுத்துப் பிழை, அப்போது திருத்துங்கள். வாசிக்கும்போது ஒவ்வொரு ழகரத்துக்கும் நிறுத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை வாசிப்பதையே விட்டுவிடும்.

சொல்வளத்துக்கும் இதேதான். துடைப்பத்தின் படத்தைக் காட்டினால் வாரியல் என்று சொல்லும், பாத்திரத்தை ஏனம் என்கும், குறுகலான தெருவை முடுக்கு என்கும். மூன்றும் சரியான விடைகள். உவரி, கூத்தங்குழிப் பிள்ளைகள் மீனுக்குச் சொல்லும் பெயர்கள் நமக்கே தெரியாது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் வாசிக்கக் கொடுக்க நல்ல சொற்கள் அவை.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். படத்துக்குக் கீழே "பாத்திரம்" என்று அச்சிட்டிருக்க, பிள்ளை "ஏனம்" என்று வாசித்தால் அது எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறது. படத்தைக் கையால் மூடிக்கொண்டு திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

7. நிமிஷத்துக்கு எத்தன வார்த்தை வாசிக்கணும்?

ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம், 2021-ல் வந்தது, இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் 60 சொல் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது, பொருள் புரிந்து வாசிப்பதாக. ஆனால் "வந்துகொண்டிருந்தார்கள்" தமிழில் ஒரே சொல். வேறு மொழிகளில் அதே செய்தி மூன்று நான்கு சொல்லாகப் பிரிந்துவிடும். அதனால் இந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தோடு பிள்ளை முன்னால் உட்கார வேண்டாம். போன மாதம் தடுக்கிய பத்தியை இந்த மாதம் தடுக்காமல் வாசித்து, 5-ஆம் பதிலில் சொன்ன "ஏன்" கேள்விக்கும் பதில் சொன்னால் போதும்.

8. வாயால கணக்கு டக்குன்னு சொல்லுதான். நோட்டுல போட்டா எல்லாம் தப்பு. கவனமில்லையோ?

கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்துவிடும், பிள்ளையின் சிக்கல் அப்படியே இருக்கும். தப்பு விடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். 52-லிருந்து 38 போனால் 26 என்று எழுதியிருக்கிறான். 2-லிருந்து 8 போகாது என்று 8-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான், 5-லிருந்து 3-ஐக் கழித்திருக்கிறான். கழித்தல் அவனுக்குத் தெரியும். பத்தைப் பிரித்துக் கடன் வாங்குவதுதான் தெரியவில்லை. 27-ஐயும் 35-ஐயும் கூட்டி 512 என்று எழுதுகிற பிள்ளைக்கும் கூட்டல் தெரியும், 7-ம் 5-ம் 12 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் உள்ள பத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. முந்நூற்று நான்கை 3004 என்று எழுதுவது காதில் கேட்டபடி 300-ஐ எழுதிப் பக்கத்தில் 4-ஐ எழுதுவது. இந்த மூன்று பிழைக்கும் மருந்து ஒன்றே: இடமதிப்பு. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டி விளையாட வேண்டும். இருபது கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் இருபதையும் அதே மாதிரி தப்பாகப் போட்டுத் தப்பு கைப்பழக்கமாகிவிடும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் கட்டுக் கணக்கு சரியாகச் சொல்லும். களக்காட்டில் வாழை வெட்டும் வீட்டுப் பிள்ளை ஓர் ஏத்தன் தாரில் இத்தனை சீப்பு, சீப்புக்கு இத்தனை காய், மொத்தம் எத்தனை என்று மனசிலேயே பெருக்கும். அந்தக் கணக்கு நோட்டில் 6 × 12 என்று வரும்போது அடையாளம் தெரியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைக் கணக்கு வராதவன் என்று எழுதாதீர்கள். சீப்புக் கணக்கை அவனையே சொல்லச் சொல்லி, அவன் சொல்லச் சொல்ல நீங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

சரியான விடைக்கும் "எப்படிப் போட்ட?" என்று கேட்க வேண்டும். "ராணியிடம் 8 மாங்காய் இருக்கிறது, அது ரவியிடம் உள்ளதைவிட 3 கூட. ரவியிடம் எத்தனை?" என்றால் பாதி வகுப்பு 11 என்கும். "கூட" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுகிறார்கள். இதே பிள்ளைகள் "கூட" வந்த வேறு கணக்குகளில் இதே பழக்கத்தால் சரியான விடை எழுதி முழு மார்க் வாங்கியிருப்பார்கள். கேட்காமல் விட்டால் நமக்கு இது தெரியவே தெரியாது.

9. நாங்க ரெண்டு பேருமே பள்ளிக்கூடம் போகல. வீட்டுல எப்படிப் பாக்க?

நிறையவே பார்க்கலாம். பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் தடுக்குகிறதா, தடுக்காமல் போகிறதா என்று காதுக்குத் தெரியும். போன மாதத்தைவிட இந்த மாதம் பரவாயில்லையா என்றும் தெரியும். பீடி சுற்றிக்கொண்டே கேட்கலாம், கைதான் வேலையில் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பழகட்டும் என்று பீடியையும் தூளையும் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை இருக்கிறது, தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது.

பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் பஸ்ஸின் போர்டை வாசிக்கச் சொல்லுங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல்: ஒற்றும் கொம்பும் நெடிலும் எல்லாம் இந்த மூன்று பெயரில் வந்துவிடும். கடைக்கு அனுப்பினால் மீதி எவ்வளவு வர வேண்டும் என்று போகும் முன்பே கேளுங்கள். ராத்திரி, "டீச்சர் இன்னைக்கு என்ன கதை சொன்னாவ? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். கதையை முன்னும் பின்னும் குழப்பாமல் சொல்ல வருகிறதா என்பது பெரிய மதிப்பீடு.

தப்பு வந்தால் அடிக்கவோ திட்டவோ வேண்டாம். எங்கே தடுக்கியது என்று மட்டும் நினைவு வைத்து எங்களிடம் சொல்லுங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் நீங்கள் பார்க்கிறதை வகுப்பில் இருந்து நான் பார்க்கவே முடியாது.

10. ரெண்டே ஆசிரியர், அஞ்சு வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா எப்படிப் பார்க்க முடியும்?

ஒரே நாளில் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. தினம் நாலைந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பயிற்சி நூலில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க மூன்று நிமிடம் போதும். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "நன்று", "சுமார்", "முயற்சி தேவை" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. "ஒற்று வரும் சொல்லில் நிற்கிறாள், மூன்று எழுத்துச் சொல் தடையில்லை" என்று எழுதினால் நாளைய பாடம் அதிலேயே இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுட்டியான பிள்ளையும் சேட்டை செய்கிற பிள்ளையும் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பக்கம் காலியாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டி, எந்தப் பக்கம் காலி என்று பாருங்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்.

11. வாயே திறக்க மாட்டேங்கா. அவளுக்கு என்ன தெரியும்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். கையால் காட்டச் சொல்லுங்கள், அட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள். அவளோடு விளையாடுகிற பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்து, அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நமக்கு முன்னால் திறக்காத வாய் தோழிக்கு முன்னால் திறக்கும்.

வேலைக்காக வடக்கேயிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது நம் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் இந்தி பேசுகிற பிள்ளை தமிழில் கேட்ட கணக்குக்குப் பதில் சொல்லாவிட்டால் கணக்கு தெரியவில்லை என்று ஆகாது. காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சும் புத்தகத் தமிழிலிருந்து தள்ளித்தான் இருக்கும். 6-ஆம் பதிலில் சொன்னதை இங்கே இன்னும் பொறுமையோடு செய்ய வேண்டும். முதல் பருவம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

12. லீவு முடிஞ்சு வந்தா எல்லாத்தையும் மறந்துட்டு வருதுவோ. முன்ன போட்ட மார்க் பொய்யா?

பொய் இல்லை. புதிதாகக் கற்றது கொஞ்ச நாள் புழங்காவிட்டால் உள்ளே போய்விடும். இரண்டு வாரம் புழங்கினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வராவிட்டால்தான் அது முன்பே சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். அதனால் ஜூன் முதல் வாரத்திலேயே மதிப்பீடு வைத்து நிலையை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் ஆற்றோர ஊர்களில் பிள்ளைகளின் புத்தகமும் நோட்டும் தண்ணீரோடு போயின. அப்படிப்பட்ட சமயத்தில் முதலில் பிள்ளை மனசு தெளியட்டும். தேர்வு காத்திருக்கலாம்.

13. எல்லாருக்கும் ‘ஏ’ போட்டாத்தான் தொந்தரவு இல்லன்னு சொல்லுதாவ. உள்ளத உள்ளபடி போடவா?

புது ஆசிரியர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி. உள்ளதைப் போடுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ‘ஏ’ போட்டால் அடுத்த வகுப்பு ஆசிரியர் அதை நம்பி மேலே இருந்து பாடம் தொடங்குவார். பிள்ளைக்கு உதவி தேவை என்று யாருக்குமே தெரியாமல் போய்விடும். மலர் நிலை என்று செயலியில் பதிந்துவிட்டு அரும்பு நிலைப் பயிற்சியைக் கொடுக்கவும் முடியாது.

தயக்கம் எனக்குப் புரிகிறது. குறைவாகப் பதிந்தால் நீங்கள் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அதற்குத்தான் 10-ஆம் பதிலில் சொன்ன நோட்டு. ஜூனில் இந்தப் பிள்ளை இங்கே இருந்தது, இப்போது இங்கே வந்திருக்கிறது, இடையில் இதைச் செய்தேன் என்று தேதியோடு காட்டுங்கள். ஜூனிலேயே ‘ஏ’ போட்டுவிட்டால் மார்ச்சில் முன்னேற்றம் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

14. டிவியில சர்வேன்னு சொல்லி, மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியலங்காவ. நம்ம பிள்ளையையும் சேத்தா?

உங்கள் பிள்ளையைப் பற்றி அந்தச் சர்வே எதுவும் சொல்லவில்லை. ஏசர் என்ற சர்வே 2005-ல் தொடங்கியது. கிராமங்களில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கே போய் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தேசிய அடைவுத் தேர்வு பள்ளிக்கூடத்தில் நடக்கும், 2017-லும் 2021-லும் நடந்தது. 2024 டிசம்பரில் பரக் என்ற பெயரில் நடந்தது. இவை எல்லாமே ஒரு மாநிலம், ஒரு மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வைத்தவை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற மாதிரி.

ஆனால் ஏசர் வாசிக்க வைத்துப் பார்க்கும் முறை நல்ல முறை. நாலு படி, ஒரு பக்கத் தாள், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம். இதே மாதிரி தாளை நாமே எழுதி வகுப்பில் பார்க்கலாம்.

15. பக்கத்து வீட்டுப் பையன் கான்வென்ட்ல ஏ பி சி டி, நூறு வரைக்கும் ஒன் டூ எல்லாம் சொல்லுதான். எம் புள்ள பின்னால இருக்கானோ?

நூறு வரை சொல்வதும் ஆறு கொட்டையை எண்ணி எடுப்பதும் வேறு வேறு. அந்தப் பையனுக்கும் 1-ஆம் பதிலில் உள்ளதைச் செய்து பாருங்கள். மற்றபடி உங்கள் பிள்ளையை ஒப்பிட வேண்டியது போன மாதத்து உங்கள் பிள்ளையோடுதான். ஒரே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது ரொம்பப் பெரிது.

16. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஏறல. இவனுக்கு ஏதும் கோளாறு இருக்குமோ? டாக்டர்ட்ட காட்டணுமா?

முதலில் கண், காது. கரும்பலகையில் உள்ளதைத் தப்பாக எழுதி, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்துச் சரியாக எழுதுகிறான் என்றால் கண்ணைச் சோதிக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல், முகம் பார்த்துச் சொன்னால் செய்கிறான் என்றால் காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்தது வருகை. ஒரு மாதத்தில் பாதி நாள் வராத பிள்ளைக்கு ஏறவில்லை என்று சொல்வது நியாயமில்லை. அதன் பிறகு தூக்கம், சாப்பாடு, வீட்டில் சண்டை ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தும், இரண்டாம் வகுப்பு முடியும்போதும் எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தால், அதே பிள்ளை பேச்சிலும் விளையாட்டிலும் சுறுசுறுப்பாக இருந்தால், கற்றல் குறைபாடாக இருக்கலாம். ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர் மூலமாக அவர்களிடம் போகலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இந்தக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது, அதனால் உதவி கேட்பது பிள்ளையின் உரிமை. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு 1897-லேயே பள்ளி தொடங்கிய மாவட்டம் இது. ஆனால் ஆசிரியரோ பெற்றோரோ தாங்களே பெயர் வைத்துவிடக் கூடாது. "மந்தம்" என்ற சொல் பிள்ளை காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், அதைத் துடைக்க வருடக்கணக்காகும்.

17. மீட்டிங்குக்கு வந்தா மார்க்க மட்டும் கேட்டுட்டுப் போயிருதோம். வேற என்ன கேக்கணும்?

போன தடவை தெரியாமல் இருந்து இப்போது தெரிந்தது எது என்று கேளுங்கள். இப்போது எங்கே தடுக்குகிறான், அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், நாங்கள் வீட்டில் என்ன செய்ய என்று கேளுங்கள். நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்திருக்கின்றன, உங்கள் பிள்ளை எந்தப் படிப் புத்தகத்தைத் தானாக எடுக்கிறான் என்றும் கேளுங்கள். பிள்ளைக்கு முன்னால் குறையை மட்டும் பேசி முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பேசினாலும் நிறுத்துங்கள்.

18. அவன் எந்த நிலைல இருக்கான்னு அவங்கிட்டயே சொல்லலாமா? மனசு உடைஞ்சிராதா?

சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவன் கையில் வேறு பயிற்சி இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாதா? ஆனால் "நீ அரும்பு" என்று சொல்லக் கூடாது. நிலை பயிற்சிக்கு வைத்த பெயர், பிள்ளைக்கு வைத்த பெயர் இல்லை. "உனக்கு மூணு எழுத்துச் சொல் நல்லா வருது, ஒற்று வந்தா நிக்க, இந்த வாரம் அத பாப்போம்" என்று சொன்னால் ஆறு வயசுப் பிள்ளைக்கும் புரியும். தப்பின்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல்குறி போடுவதைவிட, சரியாக எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டு, தடுக்கிய சொல்லைப் பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடித்த முறை.

பிள்ளையையே தன்னைப் பார்க்கச் சொல்லலாம். மார்ச்சில் ஜூன் மாத நோட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுல எதெல்லாம் இப்ப மாத்தி எழுதுவ?" என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே தங்கள் பழைய பிழைகளைத் தேடித் தேடித் திருத்துவார்கள். அவர்கள் திருத்தாமல் விடுகிற பிழை எதுவோ, அதை ஏப்ரலுக்குள் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.